மேலே லேப், கீழே அடுப்பு

ராயக்கோட்டையில் எங்கள் கட்டடத்துக்கு
சொந்தக்காரர் ஒருவர், வாடகை இரண்டு.
கீழே தீர்த்தகிரியின் ஃபாஸ்ட் ஃபுட்.
பதினாலு படி ஏறினால்
ரத்தம் எடுக்கும் நான்.

சாயங்காலம் ஆறானால் போதும்,
அவன் கரண்டி சட்டியை அடிக்கிற அடியில்
என் மேசைமேல் கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுக்கும்.
என் ஸ்பிரிட் வாசம் கீழே இறங்கியதில்லை.
அவன் புகை மட்டும்
படி தவறாமல் ஏறி வரும்.

தக்காளி விலை சரிந்த வாரம் அது.
கிலோ மூன்று ரூபாய்க்கும் கேட்க ஆளில்லை.
கூடை கூடையாய் ரோட்டோரம் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.
லாரிச் சக்கரம் ஏறி ஏறி
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தார் சிவந்து கிடந்தது.
கவிழ்த்தவர்களில் இரண்டு பேர்
கீழே பெஞ்சில் உட்கார்ந்து
ஆளுக்கு அரை பிளேட் கோபி சொன்னார்கள்.
சாஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துப் பிதுக்கினார்கள்.
அந்தப் பாக்கெட்டின் முதுகை நான் படித்திருக்கிறேன்:
பூசணிக் கூழ், சர்க்கரை, நிறம்.
தக்காளி
முன்பக்கப் படத்தோடு சரி.

காலையில் கையை நீட்டுகிறவர்கள் பாதிப்பேர்
ராத்திரி கீழே நின்றவர்கள்.
முகம் மறந்துபோகும், ஆர்டர் மறக்காது எனக்கு.
டபுள் முட்டை, காரம் தூக்கலா: முந்நூற்றுப் பன்னிரண்டு.
சிக்கன் ரைஸ் ரெண்டு பார்சல்: இருநூற்று எழுபது,
அவருக்குத் தெரியாது,
கால் விரல் மரத்துப்போனதற்கு
செருப்பைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை லோஹித்.
ஒன்பதாம் வகுப்பு, எழுபத்தொன்பது கிலோ.
கழுத்து மடிப்பில் கறுப்பு.
அழுக்கென்று நினைத்து
ஒரு மாதமாய்ப் பீர்க்க நார் போட்டுத் தேய்த்திருக்கிறாள்
அவன் அம்மா முனிலட்சுமி.
தோல் சிவந்ததே தவிர கறுப்பு போகவில்லை.

குழாயைச் சுழலவிட்டு எடுத்தேன்.
தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் நீர்
சொசைட்டிப் பால் மாதிரி வெளுத்திருந்தது.
வெறும் வயிறுதானே தம்பி?
"ஆமாக்கா. நைட்டு பதினொண்ணுக்கு மேல
ஒண்ணுமே சாப்பிடல."

ஒன்றரைக்கு ஓசூர் கம்பெனி வேன் வரும் முனிலட்சுமிக்கு.
திரும்ப நடுராத்திரி.
டிவி ரிமோட்டுக்கு அடியில்
எழுபது ரூபாய் வைத்துவிட்டுப் போகிறாள்.
அவள் வேனில் பதினெட்டுப் பெண்கள்.
எத்தனை ரிமோட், எத்தனை எழுபது,
கணக்குப் போட்டுப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.
பையனின் அப்பா மண்டியிலிருந்து ஐந்துக்கே வந்துவிடுவார்.
அவருக்கும் ஒரு எழுபது
அதே ரிமோட்டுக்கு அடியில்.

அச்சடித்த தாளை நீட்டினேன்.
கீரை, பயறு, எண்ணெய் குறைத்து, நேரத்தோடு.
வரி வரியாய்ப் படித்துவிட்டு நாலாய் மடித்தாள்.
"நல்லாத்தான் எழுதியிருக்காங்க.
இத யாருக்கா செய்யறது?"
கோபமில்லை. நிஜமாகவே கேட்டாள்.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
திருப்பியும் பார்த்தேன்.

தீர்த்தகிரியைத் திட்டலாமென்றால்
அவனும் மூன்று வருஷம் தக்காளி போட்டவன்,
நாலாவது வருஷம் சட்டி வாங்கியவன்.
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
எண்ணெய் தெறித்த புள்ளிகள்.
கேட்காமலே சொல்வான்,
"மூணு நாளைக்கு மேல எண்ணெய வைக்கறதில்லக்கா."
நான் கேட்காததால்தான்
சொல்கிறான்.

இன்றைக்கு எட்டேமுக்காலுக்கு லேப்பைப் பூட்டினேன்.
மகள் போனில்: "அம்மா, வரும்போது..."
மிச்சத்தைச் சொல்லமாட்டாள், எனக்கே தெரியும்.
இடுப்பு விட்டுப்போயிருந்தது.
பத்து மணிக்கு மேல் அரிசி களைய
இந்தக் கைகளிடம் நானே கேட்க முடியாது.

கீழே, புகைக்குள்,
லோஹித் நின்றிருந்தான்.
என்னைப் பார்த்ததும் சட்டைக் காலரை
மேலே இழுத்துவிட்டான்.
நான் பர்ஸை
முந்தானைக்குள் மாற்றிக்கொண்டேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
எதிரே போகும் லாரிகளை எண்ணுகிற மாதிரி நின்றோம்.

சட்டியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தான் தீர்த்தகிரி.
"யாருக்கு மொதல்ல?"